ஜனவரி ஒன்றாம் தேதி முளைக்கும் கால்கள்

எங்கள் தொழிலில் ஒரு பழைய ஜோக் உண்டு. அமெரிக்காவில் டிசம்பர் 31 நள்ளிரவு தாண்டியதும், வெட்டி எடுக்கப்பட்ட கால்கள் எல்லாம் முளைத்துவிடும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை போய்விடும். பழுதான சிறுநீரகங்கள் புதுசாகிவிடும். புது வருஷத்தில் டாக்டர் பார்த்து எழுதின பிறகுதான் ஒவ்வொரு வியாதியாகத் திரும்பி வரும். டாக்டர் குறிப்பில் இருக்கும் நோய்களைக் காப்பீட்டுப் பணக் கணக்குக்கான குறியீடுகளாக மாற்றும் வேலைதான் எச்.சி.சி. கோடிங்; அதன் பயிற்சியில் எல்லா ட்ரெய்னரும் இதைச் சொல்வார், எல்லா பேட்சும் சிரிக்கும். சில வருடங்களுக்கு முன் என் டீமுக்கு வந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. திருவாரூர்ப் பக்கம், மைக்ரோபயாலஜி முடித்தவள். ஒரு நோயாளியின் சார்ட்டை, அதாவது மருத்துவப் பதிவைக் காட்டி, "அக்கா, போன வருஷ சார்ட்லயே முழங்காலுக்குக் கீழ எடுத்தாச்சுன்னு இருக்கு. இந்த வருஷம் டாக்டர் அதை எழுதலன்னா ப்ளானுக்கு வர்ற காசு குறைஞ்சிடுமா?" என்று கேட்டாள். ஆமாம், காப்பீட்டுக் கம்பெனியின் ப்ளானுக்குக் குறையும் என்றேன். "அந்தாளுக்கு ஆகுற செலவு குறையாதே அக்கா?"

அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு டார்கெட்டைப் பார்க்கப் போய்விட்டேன். ஆனால் கேள்வி விடவில்லை. கிண்டி, பெருங்குடி, அம்பத்தூர் பக்கம் எந்த ஷேர் ஆட்டோவில் ஏறினாலும் ஒரு மெடிக்கல் கோடர் இருப்பார். உயிரியல் படித்த பிள்ளைகளுக்கு இந்த ஊரில் கிடைக்கும் முதல் வேலை பெரும்பாலும் இதுதான். அதனால் கோடிங் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. ஆனால் அதற்குள் எச்.சி.சி. என்பது தனி உலகம். மற்ற கோடர்கள் போடும் கோடுக்கு, செய்த சிகிச்சைக்கான பணம் வரும். நாங்கள் போடும் கோடுக்கு, இனிமேல் ஆகப்போகும் செலவுக்கான பணம் வரும். இதைப் பற்றி எப்போதும் இரண்டு விதமான பேச்சுதான் காதில் விழும். அமெரிக்கப் பத்திரிகைகளைப் படித்தால் இது பகல் கொள்ளை. கம்பெனி பயிற்சியில் உட்கார்ந்தால், டாக்டர் எழுதியிருந்தால் போடு, எழுதாவிட்டால் போடாதே, அதற்குமேல் யோசிப்பது நம் வேலை இல்லை. இரண்டிலும் எனக்கு மனசு ஒட்டவில்லை.

தலைக்கு இவ்வளவு

65 வயது தாண்டிய அமெரிக்கர்களுக்கு அரசு தரும் காப்பீடு மெடிகேர். 1965-இல் வந்த பழைய ஏற்பாட்டில், டாக்டரும் ஆஸ்பத்திரியும் பில் அனுப்புவார்கள், அரசு கட்டும். மெடிகேர் அட்வான்டேஜில் அப்படி இல்லை. அரசு ஒரு தனியார் கம்பெனிக்குத் தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கொடுத்துவிடும். அந்த ஆளுக்கு ஆகும் செலவு கம்பெனியின் பாடு. மிச்சம் பிடித்தால் லாபம், மீறினால் நஷ்டம். இன்று மெடிகேரில் இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த வழியில்தான் இருக்கிறார்கள்.

தலைக்கு எவ்வளவு என்பதில்தான் சிக்கல். எல்லாருக்கும் ஒரே தொகை என்றால் எந்தக் கம்பெனியும் நோயாளியைச் சேர்க்க விரும்பாது. 2000 வரை வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், முதியோர் இல்லத்தில் இருக்கிறாரா, ஏழைகளுக்கான மெடிக்எய்ட் உண்டா என்பதை வைத்தே தொகையை முடிவு செய்தார்கள். அந்தப் பகுதியில் சராசரியாக ஆகும் செலவில் 95 சதவீதம் கொடுத்தால் அரசுக்கு 5 சதவீதம் மிச்சம் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. தெம்பாக இருந்தவர்கள் தனியாருக்குப் போனார்கள், படுக்கையில் கிடந்தவர்கள் அரசிடம் நின்றார்கள். மிச்சம் என்று நினைத்தது நஷ்டமாக வந்தது. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு 72 வயதுக்காரர்களில் ஒருவர் தினமும் டென்னிஸ் ஆடுவார், இன்னொருவர் டயாலிசிஸ் நாற்காலியில் இருப்பார். வயதும் பாலினமும் ஆட்களுக்கிடையே செலவில் உள்ள வேறுபாட்டில் 1 சதவீதத்தைத்தான் விளக்கும்.

1997-இல் வந்த சட்டம், நோயையும் கணக்கில் எடு என்றது. முதலில் 2000-இல் வந்த முறை, ஆஸ்பத்திரியில் படுத்தவர்களின் நோயை மட்டும் எண்ணியது. அதாவது நோயாளியை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் நன்றாகப் பார்த்துக்கொண்ட ப்ளானுக்குக் காசு குறைவு. இதை யார் யோசித்தார்களோ! அதைச் சரிசெய்ய 2004-இல் வந்ததுதான் எங்களுக்குச் சோறு போடும் எச்.சி.சி. மாடல். கிளினிக்கில் டாக்டர் எழுதும் நோயும் இதில் சேரும். நோய்களைச் செலவை வைத்துக் குழுக்களாகப் பிரித்து, ஒரே வகை நோயில் கடுமையானது இருந்தால் லேசானதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்துக் கூட்டுவார்கள். அந்தக் கூட்டுத்தொகைதான் ரிஸ்க் ஸ்கோர். இந்த வருட நோய், அடுத்த வருடத் தொகை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 72 வயதுப் பெண்மணி, வீட்டில் வசிப்பவர், மெடிக்எய்ட் இல்லாதவர். பல வருடம் புழக்கத்தில் இருந்த வி24 மாடலில், அவருடைய வயதுக்கும் பாலினத்துக்கும் 0.386. வெறும் சர்க்கரை நோய் என்றால் 0.105 கூடும். சர்க்கரையால் நரம்பு பாதித்திருக்கிறது என்று டாக்டர் எழுதினால் அந்த 0.105 போய் 0.302 வரும். இதயச் செயலிழப்புக்கு 0.331. சர்க்கரையும் இதயச் செயலிழப்பும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் செலவு இன்னும் ஏறும் என்பதால் தனியாக 0.121. ஆக மொத்தம் 1.140. சராசரி மெடிகேர் பயனாளிக்கு 1.0. அவருக்கு மாதம் 1,000 டாலர் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், எந்த வியாதியும் பதிவாகாத அந்த அம்மாவுக்கு 386 டாலர். பதிவான அதே அம்மாவுக்கு 1,140. வருடத்துக்கு 9,000 டாலருக்கு மேல் வித்தியாசம். நரம்பு பற்றிய அந்த ஒரு வரி மட்டுமே வருடத்துக்கு 2,364 டாலர்.

இவ்வளவு பாடுபட்டும் இந்த மாடல், ஆளுக்கு ஆள் வேறுபடும் செலவில் 12, 13 சதவீதத்தைத்தான் விளக்கும். அதை வைத்துக் கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாளைக்கு யார் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வார் என்று எந்த மாடலுக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்க்கும்போது சராசரி ஏறக்குறைய சரியாக வந்தால் போதும். வெறும் வயதை வைத்துப் பணம் கொடுத்த காலத்தைவிட இது எத்தனையோ மேல். இப்படி ஒரு மாடல் இல்லாவிட்டால் நோயாளியைக் கண்டு கம்பெனிகள் கதவைச் சாத்தும். ஆகவே வெட்டப்பட்ட காலுக்குப் பணம் கொடுப்பதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

சார்ட்டுக்குள்

போனை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போனால், திரையில் ஒரு பி.டி.எஃப். சிலது பத்துப் பக்கம், சிலது எழுநூறு பக்கம். அந்த வருடத்தில் நோயாளி டாக்டரை நேரில் பார்த்த தேதிகளை மட்டும் பொறுக்க வேண்டும். தனியாக வந்த லேப் ரிப்போர்ட் ஆகாது, எக்ஸ்ரே, ஸ்கேன் ரிப்போர்ட் ஆகாது. கிரியாட்டினின் எகிறிக் கிடந்தாலும், சிறுநீரக நோய் என்று டாக்டர் தன் கையால் எழுதாதவரை எங்களுக்கு அது இல்லை. கையெழுத்து வேண்டும், பக்கத்தில் அவருடைய தகுதியும் வேண்டும். நோய் பெயர் மட்டும் பட்டியலில் தொங்கினால் போதாது. அதைக் கவனித்தார், மதிப்பிட்டார், மருந்து கொடுத்தார் என்று ஏதாவது ஓர் ஆதாரம் தேவை. "ஹிஸ்டரி ஆஃப்" என்று ஆரம்பித்தால் அது முன்பு இருந்த நோய், கையை எடுத்துவிட வேண்டும். ஆனால் டாக்டர்கள் சி.ஓ.பி.டி. என்ற நுரையீரல் நோய் போல இப்போது இருக்கும் நோய்க்கும் "ஹிஸ்டரி ஆஃப் சி.ஓ.பி.டி." என்று எழுதிவிட்டுக் கீழே இன்ஹேலர் எழுதுவார்கள். எங்கள் ஆபீசில் பாதிச் சண்டை இதை வைத்துத்தான்.

சில விதிகள் விசித்திரமானவை. ஒருவருக்குச் சர்க்கரையும் நாள்பட்ட சிறுநீரக நோயும் இருந்தால், இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐ.சி.டி.-10-இன் விதியே எடுத்துக்கொள்ளும். டாக்டர் இல்லை என்று மறுத்தால்தான் பிரிக்கலாம். ஆகவே டாக்டர் மனதில் இல்லாத ஒரு தொடர்பை நாங்கள் கோடாகப் போடுவோம், அது முழுக்க முறையானதும்கூட. எதிர்ப்பக்கமும் உண்டு. வருடம் முழுக்க டாக்டரிடம் போக வண்டி இல்லாத, கூட்டிப்போக ஆள் இல்லாத ஒரு கிழவி, எண்களின்படி மிகவும் ஆரோக்கியமானவர். அவர் ஸ்கோர் வயதோடு நின்றுவிடும். திருவாரூர்ப் பெண் கேட்டது இதைத்தான் என்று பிறகுதான் உறைத்தது.

இன்னொன்று. பழைய மெடிகேரில் டாக்டருக்குப் பணம் வருவது செய்த வேலைக்கு. நோய்களை முழுசாக எழுத அவருக்கு அவசரம் கிடையாது, ஏதோ ஒன்று எழுதினால் பில் பாஸாகிவிடும். தனியார் ப்ளானில் எழுதும் ஒவ்வொரு நோய்க்கும் விலை உண்டு. எண்களுக்கான அளவுகோல் பழைய மெடிகேரின் பதிவுகளிலிருந்து வருகிறது, விளையாட்டு நடப்பது தனியார் ப்ளானில். ஆகவே யாரும் ஒரு பொய்கூடச் சொல்லாமலேயே தனியார் ப்ளான்காரர்கள் கூடுதல் நோயாளிகளாகத் தெரிவார்கள். இது தெரிந்துதான் அரசு எல்லா ப்ளானுக்கும் ஸ்கோரில் 5.9 சதவீதம் வெட்டுகிறது. எனக்குப் பெரிய உறுத்தல் இந்த வெட்டு. அளவோடு கோடு போட்ட சின்ன ப்ளானுக்கும் அதே 5.9, வீடு வீடாக ஆள் அனுப்பித் துருவிய ப்ளானுக்கும் அதே 5.9. நியாயமாக நடந்தவருக்குத்தான் இதில் அடி.

எடுக்கும் வேலை இல்லை

நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். அதே பெண், அதே சீசன். விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஒரு முதியவரின் சார்ட். ப்ராஸ்டேட் புற்றுநோய், பல வருடம் முன்பே அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. அப்புறம் சிகிச்சை எதுவும் இல்லை, இந்தப் புற்றுநோயைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கீழே. விதிப்படி இது முடிந்துபோன புற்றுநோய், அதைக் குறிக்கும் இஸட் கோடுதான் போட வேண்டும், மதிப்பு பூஜ்யம். ஆனால் எங்கள் கருவியில் ஓரமாக ஒரு பட்டியல் தெரியும், ப்ளான் ஏற்கெனவே அரசுக்கு அனுப்பிய கோடுகள். அதில் இந்த வருடத்துக்கே இவருக்கு ஆக்டிவ் புற்றுநோய், வி24-இல் 0.150. அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் பக்கம் பக்கமாகத் தேடினேன், அந்தக் கோடைத் தாங்கும் ஒரு வரிகூட இல்லை. கிளையன்ட் கொடுத்த வழிமுறையைத் திறந்து பார்த்தோம். விடுபட்டதைச் சேர்க்கலாம். ஏற்கெனவே உள்ளதைத் தொடுவது ப்ராஜெக்ட் வரம்பில் இல்லை. கிளையன்டோடு நடக்கும் வாராந்தரப் போன் மீட்டிங்கில் கேட்டேன். "அவுட் ஆஃப் ஸ்கோப்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். குரலில் கோபம்கூட இல்லை. கருவியில் சேர்க்க ஒரு பட்டன் இருந்தது. எடுக்க ஒரு பட்டன் இல்லை.

அன்றைக்குத்தான் எனக்குள் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. அதுவரை மோசடி என்றால் இல்லாத நோயை எழுதுவது என்றே நினைத்திருந்தேன். எங்கள் தளத்தில் அதை யாரும் செய்யவில்லை. தப்பாக ஒரு கோடு சேர்த்தால் க்யூ.ஏ. என்ற தரச் சோதனையில் மாட்டி, 95 சதவீதத் துல்லியம் கீழே விழுந்து, ஊக்கத்தொகை போய்விடும். சேர்க்கிற ஒவ்வொரு கோடும் சுத்தமானது. ஆனால் மொத்தக் கணக்கு சுத்தமாக இல்லை. மளிகைக்கடை அண்ணாச்சி பாக்கி நோட்டைப் புரட்டி, எழுத மறந்த பாக்கியை மட்டும் தேடித் தேடிச் சேர்த்துவிட்டு, இரண்டு தடவை எழுதின பாக்கியைப் பார்த்தும் பக்கத்தைத் திருப்பினால், அவர் எழுதின வரி எதுவும் பொய் இல்லைதான். ஊர்க்காரன் பணம் போவது போவதுதான்.

பிறகு தேடிப் படித்தபோது, இந்த ஒருபக்கத் தேடல் அங்கே நீதிமன்றம் வரை போன விஷயம் என்று தெரிந்தது. கூடுதலாக வந்த பணம் என்று தெரிந்தால் 60 நாளுக்குள் திருப்ப வேண்டும் என்று 2010 சட்டம் சொல்கிறது. தெரிந்தால்தானே? தெரியாமல் இருக்க ஒரு வழி, தேடாமல் இருப்பது. 2016-இல் ஸ்வோபன் வழக்கில் ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம், விடுபட்டதை மட்டும் தேடும்படி வடிவமைத்த சார்ட் ரிவ்யூவை, அதாவது சார்ட்டுகளைத் திரும்பப் படித்துக் கோடு தேடும் வேலையை வைத்து மோசடி வழக்குத் தொடர இடமுண்டு என்றது. சிக்னா 2023-இல் 17.2 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்ட வழக்கில் இந்தக் குற்றச்சாட்டும் ஒன்று. எல்லா வழக்கும் அரசுக்குச் சாதகமாகப் போகவில்லை. யுனைடெட்ஹெல்த்தில் நிதிப் பிரிவில் இருந்த பெஞ்சமின் போலிங் 2011-இல் தொடுத்த வழக்கில், அரசிடம் போதிய ஆதாரம் இல்லை என்று 2025 மார்ச்சில் நீதிமன்றம் அமர்த்திய சிறப்பு அதிகாரி கம்பெனி பக்கம் பரிந்துரை செய்தார்.

வழக்குகளைவிட என்னை உலுக்கியது ஓர் எண். அமெரிக்க சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2019-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. சார்ட் ரிவ்யூக்களில் 99 சதவீதத்துக்கு மேல் நோயைச் சேர்ப்பவை, நீக்கியவை 1 சதவீதத்துக்கும் குறைவு. வேறு எந்தச் சிகிச்சைப் பதிவிலும் இல்லாமல் சார்ட் ரிவ்யூவில் மட்டுமே தென்பட்ட நோய்களுக்காக 2017-க்குப் போன பணம் 670 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். நான் பல வருடம் சார்ட் படித்தவள். டாக்டர்கள் எழுத மறப்பதும் உண்டு, தவறாக எழுதுவதும் உண்டு. இரண்டும் நிகழ்கிற இடத்தில் நேர்மையாகத் தேடினால் 99-க்கு 1 என்று வரவே வராது. ஆகவே, டாக்டர் எழுதினதைத்தான் போடுகிறோம் என்கிற பேச்சை நான் இப்போது பயிற்சியில் சொல்வதில்லை. அது உண்மைதான். எதைத் தேடச் சொன்னார்கள் என்பதை அது சொல்லாது.

அதற்காக மாடல் அப்படியே நிற்கிறது என்றும் சொல்ல முடியாது. வி28 என்ற புது மாடல் 2024-இல் மூன்றில் ஒரு பங்கு, 2025-இல் மூன்றில் இரண்டு, 2026-இல் முழுசு என்று வந்தது. அளவுக்கு மீறிக் கோடு போடப்பட்ட நோய்களைப் பார்த்துப் பார்த்துக் கழித்திருக்கிறார்கள். 2,000-க்கு மேற்பட்ட கோடுகளுக்கு மதிப்பு போய்விட்டது. சர்க்கரை வெறுமனே இருந்தாலும் சிக்கலோடு இருந்தாலும் இப்போது ஒரே 0.166. நரம்பு பற்றிய அந்த வரிக்கு இனி விலை இல்லை. புத்திசாலித்தனமான மாற்றம்தான். ஆனால் இது விலைப்பட்டியலை மாற்றுகிறது, தேடும் திசையை மாற்றவில்லை. ஆடிட் பயம் வந்த பிறகு சேர்ப்பதும் நீக்குவதுமாக இருபக்க ப்ராஜெக்ட்கள் வருகின்றன. அதைச் செய்யும் டீமில் அந்தத் திருவாரூர்ப் பெண் இப்போது சீனியர். நீக்குவதற்கும் டார்கெட்டில் கணக்கு உண்டாம். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. அவள் மதிய சாப்பாட்டு நேரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்ற புகாரில் இருந்தாள்.

சித்தியின் கால் விரல்

ஹூஸ்டனில் இருக்கும் என் சித்தி அங்கேயே லேப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2022-இல் அவருடைய ப்ளானிலிருந்து வீட்டுக்கு ஒரு நர்ஸ் வந்தார். இலவசம், கூடவே ஒரு கிஃப்ட் கார்டு. ஒரு மணி நேரம் கேள்வி, பி.பி., கால் விரலிலும் கை விரலிலும் க்ளிப் மாட்டி ஒரு டெஸ்ட். கொஞ்ச நாளில் தபாலில் வந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "ஏன்டி, கால்ல ரத்த ஓட்டம் குறைவு, ரத்தக்குழாய் நோய்னு போட்டிருக்காங்க. ஆனா மாத்திரை ஒண்ணும் தரல, டாக்டர்கிட்ட போன்னும் சொல்லல. வியாதியா, இல்லையா?"

வீட்டுக்கு வந்தோ வேறிடத்திலோ செய்யும் இந்த மாதிரி உடல்நல மதிப்பீட்டுப் பரிசோதனையிலும் அதோடு சேர்ந்த சார்ட் ரிவ்யூவிலும் மட்டுமே காணப்பட்டு, வேறெங்கும் சிகிச்சையே பதிவாகாத நோய்களுக்கு 2023-இல் 750 கோடி டாலர் போயிருக்கிறது என்று அதே தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2024-இல் சொன்னது. சித்தி கேட்டது அவர்கள் கேட்ட அதே கேள்வி. நோய் பொய்யென்றால் பணம் வீண். மெய்யென்றால், காசு வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள். இரண்டில் எது மோசம் என்று எனக்கு முடிவு செய்ய வரவில்லை. இரண்டாவதுதான் என்று சில நாள் தோன்றும்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள் என்றேன். அவர் கையிலும் கணுக்காலிலும் பி.பி. எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ரத்த ஓட்டம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அந்தக் கோடை ப்ளான் திரும்ப எடுத்ததா என்று சித்திக்குத் தெரியாது. தனக்கு ஒரு ரிஸ்க் ஸ்கோர் இருப்பதே நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். ப்ளானுக்கு எழுத்தில் கேளுங்கள், அறிக்கையின் நகலையும் டாக்டர் குறிப்பையும் சேர்த்து அனுப்புங்கள் என்று சொன்னேன். அமெரிக்காவில் பெற்றோர் இருக்கும் நண்பர்களுக்கும் இப்போது இதையேதான் சொல்கிறேன். நர்ஸ் வரட்டும், நல்லதுதான், சில நேரம் நிஜமான நோயும் அகப்படும். ஆனால் எழுதினதன் நகலை வாங்கி, வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் கையில் கொடுத்துவிடுங்கள்.

சித்திக்கு எழுதப்பட்ட அந்தச் சிக்கலில்லாத ரத்தக்குழாய் நோய்க்கு வி28-இல் மதிப்பு இல்லை. இந்த வருடமும் ப்ளானிலிருந்து நர்ஸ் வந்தாராம். க்ளிப் டெஸ்ட் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை என்றார்.